ஊசி நேராக ஏறினால் அது ஈரம் அன்று

வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஆலை வாயில்களில் நின்று என் உரையைக் கேட்ட தோழர்களே, செங்கற்பட்டு தொடங்கி மாமல்லபுரக் கடற்கரை வரை உழைத்து உண்ணும் என் உறவுகளே, இன்று உங்கள் முன் நான் வைக்கும் குற்றச்சாட்டு எந்த முதலாளியின் மீதும் அன்று. உப்பளங்களுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே நிற்கும் உங்கள் மருந்து ஆலையில், மூன்றாம் எண் உலர்த்துகலனுக்குள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் வெளிக்காற்று புகுகிறது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்துப் பொடியை உலர்த்தும் கலன் அது; நான்கு லிட்டருக்கு மேல் புகக்கூடாது. புகுவது காற்று என்று அளவீடு சொல்கிறது. ஈரம் என்று சான்றிதழ் சொல்கிறது. அந்தச் சான்றிதழில் கையொப்பமிட்டவன் என் மகன். அக்கலனருகில் வேலைமுறைக்கு ஐந்து பேர் நிற்கிறீர்கள். ஆகவே இது வீட்டுக்குள் முடித்துக்கொள்ளும் தந்தை மகன் வழக்கு அன்று. ஆயினும் நான் பேசவேண்டியது அவனிடம். நீங்கள் சாட்சிகளாக நில்லுங்கள்.

கதிரவா, மேடையில் ‘தோழர்களே’ என்று தொடங்கியே பழகிய நாக்கு இது. உன் பெயரைச் சொல்லித் தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதை, இந்தத் தாளில் நான் அடித்து அடித்து எழுதிய இடத்தைப் பார்த்தாலே அறிவாய். ஆறு நாள்களாக உன்னை அழைக்கிறேன், நீ எடுக்கவில்லை. நேற்று மாலை நான் எழுதுகோலைத் திறந்ததும் உன் தாய் வந்து எதிரே நின்றாள். “ஊருக்கெல்லாம் தொண்ட கிழியப் பேசற. பெத்த புள்ளகிட்ட பேச மட்டும் லெட்டரா? நேரா போய்க் கேளேன்” என்றாள். நேரில்தான் கேட்டேன் என்றேன். “கேட்டியா, மீட்டிங் போட்டியா?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உன்னிடம் நான் பேசியதைவிட உன்னைப் பற்றிக் கூட்டங்களில் பேசியது மிகுதி. ‘சேரியில் பிறந்து, நாற்று நட்ட கைகளின் பேரனாய் வளர்ந்து, இன்று பொறியாளனாய் நிற்கிறான் என் மகன்’ என்று எத்தனை மேடைகளில் உன்னை எடுத்துக் காட்டியிருக்கிறேன். அதற்கு விழுந்த கைதட்டல்களை எல்லாம் இன்று திருப்பிக் கொடுக்கவேண்டிய இடத்தில் நிற்கிறேன்.

சென்ற ஞாயிறு படூரில் உன் புதுமனை புகுவிழா. ஒன்பதாம் மாடி. பந்தி நடந்துகொண்டிருந்தபோது மோசஸ் என் தோளைத் தொட்டான். உன்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்கு உன் பையையும் சேர்த்துத் தூக்கியவன். இன்று நீ தரக்கட்டுப்பாட்டு அலுவலராய் இருக்கும் அதே ஆலையில் அந்த மூன்றாம் எண் கலனை இயக்குபவன். தெருவில் உன்னை ‘அண்ணாத்த’ என்பான். ஆலைக்குள் ‘சார்’ என்று அழைக்கவேண்டும் என்று நீ சொல்லிவிட்டாயாம். அதை அவன் குறையாகச் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னான்: “பெரியப்பா, நம்ம டிரையர்ல டெஸ்ட் எடுத்தாங்கோ. ஊசி பஸ்ஸு மாரி போய்க்கினே கீது. நிக்கவே இல்ல. அண்ணாத்த, அதான் சாரு, ‘அது ஈரம்டா, கடல் காத்து’ன்ட்டாரு. நான் எட்டாங்கிளாசு, எனக்கு இன்னா தெரியும். ஆனா ஈரம்னா அரமணி நேரமும் ஒரே மாரி ஏறுமா?” அவன் தன் கைப்பேசியை எடுத்து, அளவீட்டுத் தாளைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினான். உன் கையெழுத்து. சிறு வயதிலேயே ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவாய். அது இன்னும் மாறவில்லை.

இதைக் கேட்டு நிற்கும் அனைவருக்கும் அந்தத் தாள் விளங்கவேண்டும். நீ பொறியியல் படித்துக் கற்ற இச்சோதனையை நான் கையால் செய்து கற்றேன். ஆகவே கையால் செய்தவனின் சொற்களில் சொல்கிறேன். கலனைக் கழுவி, காயவைத்து, எல்லாக் கதவுகளையும் மூடு. பம்ப்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடு. பிறகு வால்வை அடைத்து, பம்ப்பை நிறுத்து. அதன்பின் ஒரு கையில் கடிகாரம், கண்ணெதிரே அழுத்தமானியின் ஊசி. அரை மணி நேரம் உட்கார்ந்திரு. உள்ளே எங்கிருந்தோ காற்று புகுந்தால் ஊசி ஏறும். ஏறிய அளவைக் கலனின் கொள்ளளவால் பெருக்கி, வெளிக்காற்றின் அழுத்தத்தால் வகுத்தால், புகுந்த காற்று எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும். இவ்வளவுதான். ஓட்டை எங்கே என்று இச்சோதனை சொல்லாது. எவ்வளவு பெரியது என்று சொல்லும். இதில் ஒரே ஒரு வஞ்சம் உண்டு. கலனின் உட்சுவரில் ஈரம் ஒட்டியிருந்தால் அதுவும் ஆவியாகி ஊசியை ஏற்றும். ஆனால் ஈரத்துக்குக் களைப்பு உண்டு. முதல் பத்து நிமிடம் ஓடும், அடுத்த பத்து நிமிடம் நடக்கும், பிறகு படுத்துவிடும். காற்றுக்குக் களைப்பே கிடையாது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தின் பாதியை எட்டும்வரை அது ஒரே சீராகப் புகும். மோசஸ் கேட்ட கேள்வி அதுதான். எட்டாம் வகுப்பு படித்தவன் சரியாகக் கேட்டான்.

நீ எழுதியிருந்த எண்கள் இவை. தொடக்கத்தில் அழுத்தம் நாற்பது மில்லிமீட்டர் பாதரசம். பத்தாம் நிமிடம் எழுபது. இருபதாம் நிமிடம் நூறு. முப்பதாம் நிமிடம் நூற்று முப்பது. அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தாற்போல் நேராக ஏறுகிறது. அதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில், ‘கடலோர ஈரப்பதத்தால் நேர்ந்த ஏற்றம், கலன் பயன்பாட்டுக்கு உகந்தது.’ கதிரவா, அன்றைக்கு உங்கள் கூடத்தில் வெப்பம் முப்பது பாகை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். முப்பது பாகையில் தண்ணீரின் ஆவி தன்னால் தரக்கூடிய அழுத்தமே முப்பத்திரண்டு மில்லிமீட்டர். அதற்கு மேல் ஓர் இழைகூட அதனால் ஊசியைத் தள்ள முடியாது. நீ எழுதிய ஏற்றம் தொண்ணூறு. வங்கக் கடலையே கொண்டுவந்து அந்தக் கலனுக்குள் ஊற்றினாலும் ஊசி நூற்று முப்பதுக்குப் போகாது. இதை நீ அறியாதவன் என்றால் நான் உன்னை மன்னித்திருப்பேன். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். கல்லூரியின் இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊரப்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து, ‘இவ்வளவு நாளா இது தெரியாமலே டெஸ்ட் எடுத்தீங்களாப்பா?’ என்று சிரித்தபடி ஆவியழுத்தப் பட்டியலை எனக்கு விளக்கினாயே.

பந்தி முடிந்ததும் உன்னைத் தனியே அழைத்தேன். மாடத்தில் நின்றோம். கீழே பழைய மாமல்லபுரம் சாலையில் ஊர்திகள் ஊர்ந்தன. “அந்தக் கலனில் எந்தக் கரைப்பான் ஓடுகிறது?” என்றேன். நீ சொன்னாய். தீப்பற்றும் வகை. அதன் ஆவி தனித்து இருக்கும்வரை எரியாது. காற்றோடு கலந்தால் ஒரு பொறி போதும், அந்தப் பொறியை உலர்ந்த பொடியின் உராய்வே கொடுக்கும். பம்ப் ஓடும்வரை புகும் காற்றை அது இழுத்துக் கொண்டுபோகும். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றால்? நான் இதைக் கேட்டபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். “நைட்ரஜன் இருக்குப்பா. எல்லாத்துக்கும் மீட்டிங் போடாதீங்க. அடுத்த திங்கக்கெழம ஸ்டார்ட் பண்ணலன்னா ஆர்டரே போய்டும்” என்றாய். காற்று புகுந்து உட்கார்ந்த பிறகு, தீப்பற்றாமல் இருக்க நிரப்பும் நைட்ரஜன் வந்து யாரை எழுப்பப் போகிறது என்றேன். அப்போது நீ குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய். “மேனேஜரு இன்னா சொன்னாரு தெரியுமா? பம்ப்ப ஓடவுட்டு டெஸ்ட் எடு, ஊசி அசையாதுன்னாரு. நான் எடுக்கல. ரீடிங்க மாத்தல. உள்ளத உள்ளபடி எழுதினேன். குறிப்புல ஒரே ஒரு வார்த்த. அவ்ளோதான்.” என் மௌனத்தைச் சினம் என்று எடுத்துக்கொண்டு, “நைனா, வுட்டுடு. மாட்டிக்கினேன்” என்றாய்.

நைனா. உனக்கு ஆறு வயதாக இருக்கையில் செங்கற்பட்டுத் தமிழ் மன்றத்தார் வீட்டுக்கு வந்திருந்தபோது அச்சொல்லைச் சொன்னதற்காக உன்னை அடித்தவன் நான். ‘அது தெலுங்குச் சொல், அப்பா என்று சொல்’ என்று அத்தனை பேர் எதிரில் கன்னத்தில் அறைந்தேன். என் தந்தையை நானே அப்படித்தான் அழைத்தேன். அதை அவர்களிடம் மறைக்கவே உன்னை அடித்தேன். அன்றோடு நீ அச்சொல்லை விட்டாய். வேறு பலவற்றையும் என்னிடம் சொல்வதை விட்டாய். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது உன் வாயில் வந்தபோது, அலுவலர் பேசவில்லை, அகப்பட்டுக்கொண்ட பிள்ளை பேசுகிறான் என்று எனக்கு விளங்கிற்று. அணைத்துக்கொண்டிருக்கவேண்டும். நானோ மாடத்தின் கைப்பிடிக் கம்பியை விடாமல் நின்றேன். ஏனெனில் நீ செய்ய மறுத்த ஒன்றை நான் செய்திருக்கிறேன். பம்ப்பை ஓடவிட்டுச் சோதனை எடுத்திருக்கிறேன்.

பெருஞ்சாலை ஓரத்தில் இருந்த என் பழைய ஆலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நீ அதைப் பார்த்ததில்லை; உன்னைப் பேச்சுப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றேனே தவிர, ஒரு நாளும் பட்டறைக்கு அழைத்துச் சென்றதில்லை. எங்கள் வெற்றிடப் பம்ப்புகளை மோட்டாரோடு இணைத்தது ஒரு ரப்பர் பெல்ட். மேடையில் நான் அதை வார்ப்பட்டை என்பேன். பட்டறையில் பெல்ட் என்றால்தான் யாரும் எடுத்துத் தருவார்கள். அடைக்கும் வால்வு பழையது. உள்ளுக்குள்ளேயே சற்று விட்டுக்கொடுக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், மூடிய வால்வின் வழியாகவும் அது கலனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓட்டை வழியே புகும் காற்றை இது எடுத்துக்கொண்டே போக, ஊசி அசையாமல் நிற்கும். அசையாத ஊசியைப் போல் பொய் சொல்லும் பொருள் ஆலையில் வேறில்லை. ஆகவே சோதனை எடுப்பவன் பம்ப்பை நிறுத்தினால் மட்டும் போதாது. பெல்ட்டையே கழற்றித் தன் தோளில் மாலையைப் போல் போட்டுக்கொள்ளவேண்டும். சோதனை முடியும்வரை இறக்கக்கூடாது. தேநீர் குடிக்கப் போனாலும் தோளில் பெல்ட்டோடுதான் போகவேண்டும். தொலைவில் இருந்து பார்ப்பவனுக்கும் தெரியும்: பம்ப் ஓடவில்லை, அளவீடு மெய். புதிதாக வந்தவர்கள் “இன்னா அண்ணாத்த, கண்ணாலமா?” என்று கேலி செய்வார்கள். சட்டையில் எண்ணெய்க் கறை படியும். உன் தாய் அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்து என்னை ஏசியிருக்கிறாள்.

ஒரு நாள் அந்தப் பெல்ட்டை நான் கழற்றவில்லை. அன்று மாலை செங்கற்பட்டில் மாவட்ட மாநாடு. அதுவரை தெருமுனையில் பேசியவனுக்கு முதன்முதலாகப் பெரிய மேடை. பேச ஏழு நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு, தொழிலாளரின் உயிர்க் காப்பு. நான்கு மணி வண்டியைப் பிடிக்கவேண்டும். பெல்ட்டின் மேல்மூடித் திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. பெல்ட்டைக் கழற்றக் கால் மணி நேரமாவது பிடிக்கும். ஒரு முறைதானே என்று எண்ணினேன். பம்ப் ஓட, வால்வை மூடி, கடிகாரத்தைப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. முப்பது நிமிடம் காத்திருக்கவும் இல்லை. பன்னிரண்டாம் நிமிடத்தில் ‘ஏற்றம் இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு ஓடினேன். அந்த ஏழு நிமிடத்தில் நான் என்ன பேசினேன் என்பது இன்றும் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ‘உழைப்பவனின் உயிர் எவனுடைய அவசரத்துக்கும் இரையாகக்கூடாது’ என்று முடித்தேன். எழுந்து நின்று தட்டினார்கள்.

பதினோராம் நாள் மின்சாரம் போயிற்று. பம்ப் நின்றது. அதுவரை பம்ப் மறைத்துவைத்திருந்த ஓட்டை வழியாகக் காற்று தன் போக்கில் புகுந்தது; உள்ளிருந்த கரைப்பான் ஆவி தீப்பற்றி வெளியே பாய்ந்தது. கலனருகில் நின்றவன் செல்லப்பன். நீ சித்தப்பா என்று அழைக்கிறாயே, அதே செல்லப்பன். இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்தன. உயிர் பிழைத்தான், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. நிருவாகம் அவன்மீதே பழி போட்டது; கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்றது. அதை எதிர்த்து மூன்றாம் நாள் வாயிலில் நான் பேசினேன். என் வாழ்நாளில் அப்படியொரு உரையை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. நிருவாகம் பணிந்தது. செல்லப்பனுக்கு இழப்பீடும், வாயிற்காப்பில் ஒரு வேலையும் கிடைத்தன. என் பெயர் ஊரப்பாக்கம் தாண்டி, செங்கற்பட்டு தாண்டிப் பரவியது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய்: பழைய வால்வை அவர்கள் மாற்றவில்லை, துருவேறிய திருகை மாற்றவில்லை, மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிய தாள்களைப் படிக்கவில்லை. நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதுவும் நான் எழுதிய குறிப்பில் இருந்த ஒரே ஒரு சொல்தான், கதிரவா. ‘இல்லை’ என்ற சொல். நீ எழுதியது ‘ஈரம்’.

புதுமனை விழாவில் செல்லப்பனை முன்வரிசையில் அமர்த்தினாய். இலை போட்டதும், யாரும் கேட்காமலே உள்ளே போய் ஒரு கரண்டியைக் கழுவி எடுத்துவந்து அவன் இலையருகில் வைத்தாய். அவனால் சோற்றைப் பிசைய முடியாது என்பதை நீ மறக்கவில்லை. அதைக் கண்டு என் நெஞ்சு குளிர்ந்த அதே நாளில்தான் மோசஸ் என் தோளைத் தொட்டான். கரண்டி வைக்கத் தெரிந்த உனக்கு, அந்தக் கரண்டி எதனால் தேவைப்பட்டது என்பது தெரியாது. தெரிவிக்காதவன் நான். நேற்றுக் காலை அவன் வீட்டுக்குப் போனேன். இந்தக் கடிதத்தில் என் குற்றத்தை எழுதுவதற்கு முன், அவன் அதை என் வாயால் கேட்கவேண்டும் அல்லவா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே நின்று சொன்னேன். மேடைத் தமிழ் ஒன்றும் வரவில்லை. “அன்னிக்கி நான் பெல்ட்டக் கழட்டலடா” என்றேன்.

அவன் தாளை மடித்து மடியில் வைத்தான். “தெரியும்” என்றான். “டெஸ்ட் எடுக்கிறப்ப நான் அந்தாண்டதான குந்திக்கினு இருந்தேன். உன் தோள்ல பெல்ட்டு இல்ல. மீட்டிங்குக்குப் போற அவசரம், சர்தான்னு வுட்டேன்.” அப்படியானால் ஏனடா வாயிற்கூட்டத்தில் சொல்லவில்லை, ஏனடா ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னால் வந்து உட்கார்ந்து கைதட்டினாய் என்று கேட்டேன். அவன் கைதட்டல் எனக்குத் தனியே கேட்கும். விரல் விரியாத கைகள் மோதும் மொத்தையான ஓசை. ஆயிரம் பேர் தட்டினாலும் அதை நான் பிரித்தறிவேன். செல்லப்பன் சொன்னான்: “நீ நல்லாப் பேசுன, தட்டினேன். அப்பறம், இன்னிக்காவது நீயே சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். பின்னால குந்தினா காது கேக்காதே, அதான் முன்னால வந்து குந்தினேன்.” பிறகு உள்ளே திரும்பி, “ரெண்டு டீ போடு” என்று குரல் கொடுத்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீர்க் குவளையை அவன் இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக் குடித்ததை, முதன்முறையாகப் பார்வையை விலக்காமல் பார்த்தேன்.

உன்னிடம் நான் இதைச் சொல்வது என் சுமையை இறக்குவதற்கு அன்று, அது இறங்காது. நீ ‘ஒரே ஒரு வார்த்தை’ என்று சொன்னாயே, அதற்காகச் சொல்கிறேன். எண்களை மாற்றாத நேர்மை உன்னிடம் இருக்கிறது. என்னிடம் அதுகூட அன்று இல்லை. ஆனால் மெய்யான எண்களின் கீழே பொய்யான ஒரு சொல்லை எழுதினால், அந்த எண்களின் மெய்யும் அச்சொல்லுக்குச் சாட்சியாகிவிடும். நாளை ஆய்வுக்கு வருபவன் உன் வரிசையான எண்களைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எழுதியவன் ஈரம் என்றால் ஈரமாகத்தான் இருக்கும் என்று நம்புவான். மோசஸ் நம்பவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை அவன் அக்கலனின் முன்தான் நிற்பான், வேறெங்கே போவான்? அவன் பெயரை இக்கடிதத்தில் எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். வேலைக்கு இடையூறு வரும் என்றேன். “போட்டுக்க பெரியப்பா. எரிஞ்சா எம் பேரப் போட்டுப் போஸ்டர் ஒட்டுவீங்க இல்ல, அதுக்கு இப்பவே போடு, நானும் படிப்பேன்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பைத் தாங்கும் வலிமை எனக்கு இல்லை. உனக்கு இருக்கிறதா?

உன்மீது மேலாளரின் கை இருக்கிறது என்பதை அறிவேன். படூர் வீட்டுக்கு மாதத் தவணை உண்டு என்பதையும் அறிவேன். நான் உன்னைச் சூளுரைக்கச் சொல்லவில்லை, வேலையை உதறச் சொல்லவில்லை, கொடி பிடிக்கச் சொல்லவில்லை. எனக்கு அவையெல்லாம் எளிதாய் இருந்தன; கடினமாய் இருந்தது ஒரு பெல்ட்டைக் கழற்றுவதுதான். இன்று சனிக்கிழமை. இக்கடிதத்தை உன் தாய் உன் கையில் சேர்ப்பாள். நீ கதவைத் திறக்கும்வரை வாசலில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறாள். தொழிற்சாலை ஆய்வாளர்க்கு எழுதிய மடல் உறை ஒட்டி என் மேசையில் கிடக்கிறது. அதை நான் இன்றே அனுப்பாமல் இருப்பதற்கு உன்னைப் பெற்றேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதுவும் ஒரு குற்றமே. அதையும் இங்கேயே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை முதல் வேலைமுறை தொடங்குமுன் ஆலை வாயிலில் இக்கடிதத்தை முழுவதும் நான் படிப்பேன். உன் பகுதியைக் குறைக்கமாட்டேன், என் பகுதியையும் குறைக்கமாட்டேன். நீ திருத்தியிருந்தால் திருத்தியதையும் சேர்த்துப் படிப்பேன். செல்லப்பன் வருகிறான். முன்வரிசையில்தான் இருப்பான்.

ஆகவே மகனே, இதைப் படித்து முடித்ததும் எழுந்து புறப்படு. அந்தச் சான்றிதழை எடுத்து, ‘ஈரம்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போடு. ‘காற்றுக் கசிவு’ என்று எழுதி, பக்கத்தில் இன்றைய நாளோடு கையொப்பமிடு. கலனின்மீது ‘இயக்காதே’ என்ற பலகையை உன் கையாலேயே கட்டு. அடிக்கதவைத் திறந்து பார். கடற்காற்று அரித்த திருகும், வெடித்த ரப்பர் வளையமும் அங்கேதான் இருக்கும் என்று மோசஸ் சொல்கிறான், எனக்கும் அப்படித்தான் படுகிறது. மாற்று. பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து, வால்வை அடைத்து, பம்ப்பை நிறுத்து; அதுவும் பெல்ட்டில் ஓடுவதுதான் என்று மோசஸ் சொன்னான். மோசசைக் கூப்பிடு; சார் என்று சொல்லவேண்டாம் என்று அவனிடம் சொல். அவன் கண் முன்னால் பெல்ட்டைக் கழற்றி உன் தோளில் போட்டுக்கொண்டு, முப்பது நிமிடமும் அந்த ஊசியின் எதிரே உட்கார். என்ன பார்க்கிறாயோ அதை எழுது. திங்கட்கிழமை காலை, அந்தப் பெல்ட்டைத் தோளில் போட்டபடியே வாயிலுக்கு வா.